குளியல் தொட்டியும் ஒரு முப்படிச் சமன்பாடும்

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். பாடத்துக்கு நடுவே கணித வரலாறும் சொல்லுங்கள் என்கிறார்கள். ராமானுஜனின் 1729, ஆர்க்கிமிடீஸின் குளியல் தொட்டி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் ரசிக்கிறார்கள், கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பழையபடி கொட்டாவி. வரலாற்றால் உண்மையிலேயே பயன் உண்டா?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொட்டாவி விடுவது பிள்ளைகளின் பிழையல்ல. அந்தக் கதைகளுக்கும் அன்றைய பாடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கலப்பு எண்களை எடுத்துக்கொள்வோம். '−1-க்கு ஒரு வர்க்கமூலம் இருப்பதாக வைத்துக்கொள்' என்றுதான் எனக்குத் தொடங்கினார்கள். ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன், உட்காரச் சொன்னார்கள். கேட்டது நியாயமான கேள்விதான். இருபடிச் சமன்பாட்டில் அப்படி ஒன்று வந்தபோதெல்லாம், தீர்வு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள்தான் பழைய கணிதர்கள்.

நகர முடியாமல் போனது இத்தாலியில். 1545-இல் கார்டானோ என்ற கணிதர் முப்படிச் சமன்பாட்டுக்கான சூத்திரத்தை அச்சிட்டார். (யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று, அதைத் தனக்குச் சொல்லிக்கொடுத்த டார்ட்டாலியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அச்சிட்டார். சுவையான சண்டை, ஆனால் அதுவும் குளியல் தொட்டிதான்.)

வகுப்பில் இதைக் கொடுங்கள்: ஓர் எண்ணின் கனம், அதன் 15 மடங்கோடு 4 சேர்ந்ததற்குச் சமம். எண் எது? போட்டுப் பார்த்தே யாராவது 4 என்பார்கள். 64 = 60 + 4. இப்போது சூத்திரத்தை எழுதிப் போடுங்கள். நிறுவ வேண்டாம், நேரம் போய்விடும். எண்களை இட்டால் உள்ளே √−121 வந்து நிற்கும். அங்கே சாக்பீஸைக் கீழே வைத்துவிடுங்கள். விடை கண்ணெதிரே இருக்கிறது, சூத்திரமும் சரியானது, நடுவில் மட்டும் இல்லாத எண். ஐந்து நிமிடம் அவர்களே முட்டி மோதட்டும்.

பிறகு பொம்பெல்லி என்ற இத்தாலியக் கணிதர். 1572-இல் வெளிவந்த நூலில் அவர் அந்த எண்ணை ஒதுக்காமல், சாதாரண எண்ணைப் போலவே பெருக்கினார். 2 + √−1 என்பதைக் கனப்படுத்தினால் 2 + 11√−1. சூத்திரம் இரண்டு கனமூலங்களின் கூட்டல். √−121 என்பது 11√−1 என்பதால், முதல் கனமூலத்துக்குள் இருப்பதும் அதுவே. ஆகவே அந்தக் கனமூலம் 2 + √−1. அதன் ஜோடி 2 − √−1. கூட்டினால் இல்லாதது அடிபட்டுப்போய் 4 மிஞ்சுகிறது. இந்தப் பெருக்கலை மாணவர்களே செய்ய வேண்டும், நீங்கள் செய்து காட்டக்கூடாது.

எல்லாப் பாடத்துக்கும் இப்படித் தேட வேண்டியதில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு கிடைத்தாலே அதிகம்.

முப்படிக்கு மூன்று விடை உண்டே, மீதி இரண்டு எங்கே என்று ஒரு பெண் கேட்பாள். −2 + √3, −2 − √3. இரண்டும் மெய்யெண்களே. அப்படியானால் சூத்திரம் ஏன் அந்த வழியாகச் சுற்றிப் போகிறது என்று அவள் அடுத்துக் கேட்டால், அதற்கு இன்னொரு வகுப்பு ஒதுக்கிவையுங்கள்.