குரூப் பாலிசியில் முதலாளியும் சேரலாமா?

கேள்வி: திருப்பூரில் 8 பவர் டேபிள் மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். 8 பேர் வேலை பார்க்கிறார்கள். எனக்கு வயது 41, இரண்டு வருடமாக சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு 37, பிள்ளைகளுக்கு 12, 8. அம்மாவுக்கு 66, சுகரும் பிரஷரும் உண்டு. தொழிலாளர்களோடு எங்கள் குடும்பத்தையும் ஒரே குரூப் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியில் சேர்த்துவிடலாம், முதல் நாளிலிருந்தே சுகருக்கும் கவர் உண்டு என்கிறார் ஏஜென்ட். தனியாக எடுப்பதானால் சுகரை எழுத வேண்டாம், எழுதினால் பிரீமியம் ஏறும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: ஏஜென்ட் முதலில் சொன்னது பாதி சரி. இரண்டாவதாகச் சொன்னதைக் கேட்டு நடந்தால் நாளைக்கு ஆஸ்பத்திரி பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

குரூப் பாலிசிக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், உங்களிடம் 8 பேர் இருக்கிறார்கள். முதலாளியையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. காத்திருப்புக் காலத்தை (ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் வராத ஆரம்ப மாதங்கள்) தள்ளுபடி செய்து முதல் நாளிலிருந்தே சுகருக்குக் கவர் தருவதும் நடக்கிறதுதான். சிக்கல் என்னவென்றால், அந்தப் பாலிசி உங்கள் யூனிட்டின் பேரில் இருக்கும், உங்கள் பேரில் இருக்காது. வருடா வருடம் புதிதாகப் பேசி முடிக்கிற ஒப்பந்தம் அது. இந்த வருடம் இரண்டு பெரிய கிளெய்ம் வந்தால் அடுத்த வருடம் பிரீமியத்தை ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் நிபந்தனையை இறுக்குவார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்களில் மூன்று பேர் திரும்பவில்லை என்றால் 7 என்ற எண்ணிக்கையே நிற்காது. ஆர்டர் இல்லாமல் ஷட்டரை இறக்கினாலும் அதே கதைதான். குரூப்பிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதி இருந்தாலும், அன்றைய உங்கள் உடல்நிலையைப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்கள். 50 வயதில், சுகர் முற்றிய நிலையில் அந்த வரிசையில் போய் நிற்காதீர்கள்.

தனிநபர் பாலிசியில் கிளெய்ம் வாங்கினீர்கள் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க முடியாது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு அதனால்தான் குடும்பப் பாலிசி முதலில், குரூப் அதற்குப் பிறகு என்று சொல்கிறேன்.

இப்போது சுகர் விஷயம். விண்ணப்பத்தில் எழுதினால் நிறுவனம் எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகர்) பரிசோதனை கேட்கும். அளவைப் பார்த்து பிரீமியத்தோடு லோடிங், அதாவது கூடுதல் கட்டணம், போடும். அந்தப் பாலிசியில் சொல்லியிருக்கும் காத்திருப்புக் காலம் முடியும் வரை சுகர் சம்பந்தப்பட்ட சிகிச்சைக்குப் பணம் வராது. அதிகபட்சம் 36 மாதம்தான், 2024-க்கு முன்பு இது 48 ஆக இருந்தது. அந்தக் காலத்திலும் டெங்கு, குடல்வால், விபத்து எல்லாவற்றுக்கும் கவர் இருக்கும். (புதுப் பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்து மட்டும்தான். ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று மாதிரியானவற்றுக்குத் தனியாக 36 மாதம் வரை இருக்கலாம்.)

எழுதாமல் விட்டால் மாட்டுவது டிஸ்சார்ஜ் சம்மரியில். அட்மிஷன் போடும்போது டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருசமா இருக்கு?" என்று கேட்பார். பதற்றத்தில் இருக்கும் மனைவி "ஒரு நாலஞ்சு வருசமா இருக்குங்க" என்பார். உடனே கேஸ் ஷீட்டில் "கே/சி/ஓ டிஎம், 5 இயர்ஸ்" என்று ஏறிவிடும், ஐந்து வருடமாக அறியப்பட்ட சர்க்கரை நோயாளி என்று அர்த்தம். காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டர் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். பாலிசி எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது, விண்ணப்பத்தில் சுகர் இல்லை என்றிருந்தால் கிளெய்மும் போகும், பாலிசியையும் ரத்து செய்யலாம். உண்மையை எழுதியவர்களுக்கும் இந்த வரியால் தொந்தரவு வருவதுண்டு. இரண்டு வருடம் என்பது ஐந்தாகப் பதிவாகியிருந்தால், பழைய மருந்துச் சீட்டைக் காட்டி டிஸ்சார்ஜுக்கு முன்பே திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு திருத்தித் தரச் சொன்னால் ஆஸ்பத்திரி அலைய விடும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணத்தைச் சொல்லி மறைத்தாய் என்று கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஐந்து வருடத்தை நம்பிச் சூதாடுவதற்கு லோடிங்கைக் கட்டிவிட்டுப் போகலாம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? நீங்கள், மனைவி, பிள்ளைகள் நால்வருக்கும் சேர்த்து 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃப்ளோட்டர், அதாவது குடும்பமே பங்கிட்டுக்கொள்ளும் ஒரே பாலிசி. அதன் மேல் 10 லட்சம் டிடக்டிபிளோடு (பில் அந்தத் தொகையைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டும் பணம்) ஒரு சூப்பர் டாப்-அப். வெறும் டாப்-அப்பை சூப்பர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். 10 லட்சம் டிடக்டிபிள் உள்ள டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே வருடத்தில் 8 லட்சம், 7 லட்சம் என்று இரண்டு பில் வந்தால் ஒரு ரூபாயும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி, 15-இல் 10 போக 5 லட்சம் தரும்.

அம்மாவை இந்த ஃப்ளோட்டரில் சேர்க்க வேண்டாம். குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள், அவருடைய கிளெய்ம் பிள்ளைகளின் தொகையையும் தின்றுவிடும். அவருக்கு 5 லட்சத்துக்குத் தனிப் பாலிசி போதும். மூத்தோர் பாலிசிகளில் கோ-பே இருக்கும். 20 சதவீதம் என்றால் 2 லட்சம் பில்லுக்கு 40,000 கைக்காசு. அந்தப் பணத்தை எஃப்டியில் போட்டு வையுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை உயர்த்த வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. அந்த அளவுக்கு நிம்மதி.

பிரீமியத்தைக் குறைக்க ரூம் வாடகை உச்சவரம்பு உள்ள பாலிசியைக் காட்டுவார்கள். அங்கேதான் கணக்கு தப்பும். 5 லட்சம் பாலிசி, அறைக்கு 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் 5 நாள் இருக்கிறீர்கள். அறை 40,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் 1,20,000, மருந்தும் டெஸ்டும் 90,000, ஆக 2,50,000. அறைக்கு 25,000 தருவார்கள். டாக்டர், தியேட்டர் கட்டணத்தையும் அதே எட்டுக்கு ஐந்து விகிதத்தில் வெட்டி 75,000 ஆக்குவார்கள். மருந்து, டெஸ்ட், இம்பிளாண்ட்டில் இந்த வெட்டு கூடாது, 90,000 முழுதாக வரும். மொத்தம் கிடைப்பது 1,90,000. அறை வித்தியாசம் 15,000தானே என்று நினைத்திருப்பீர்கள், கையிலிருந்து போவது 60,000. ரூம் கேப் இல்லாத பாலிசியை வாங்குங்கள், அதற்காகத் தொகையைக் கொஞ்சம் குறைத்தாலும் தவறில்லை.

தொழிலாளர்களுக்கு வருவோம். 10 பேர் ஆகிவிட்டால் அரசின் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ கட்டாயம், பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் தொடரும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். 15,000 சம்பளக்காரருக்கு நீங்கள் 3.25 சதவீதமாக 487.50, அவர் 0.75 சதவீதமாக 112.50, மொத்தம் 600 ரூபாய். இந்தப் பணத்துக்கு அவர் குடும்பத்துக்கே வைத்தியம், உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். எந்த குரூப் பாலிசியும் இந்த விலையில் இதைத் தராது. இன்னும் இரண்டு மெஷின் போடும் யோசனை இருந்தால் குரூப் பாலிசிக்கு அவசரப்பட வேண்டாம். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருடம் 5 லட்சம் வரை உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி கலெக்டர் ஆபீஸில் பதிய வேண்டும். மாதம் 12,000 வாங்கினாலே வரம்பைத் தாண்டிவிடும் என்பதால் உங்கள் ஆட்களில் பலருக்கு இது கிடைக்காது.

வரி: தொழிலாளர்களுக்குக் கட்டும் பிரீமியம் தொழில் செலவு. உங்கள் குடும்பப் பிரீமியத்தை யூனிட் கணக்கில் எழுதக் கூடாது. பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும் குடும்பத்துக்கு 25,000, மூத்த குடிமகளான அம்மாவுக்கு 50,000 வரை கழிவு. ரொக்கமாகக் கட்டினால் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. குரூப்புக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது, குரூப்தான் மலிவு என்று கோட்டேஷன் காட்டினால் இதையும் கூட்டிப் பாருங்கள்.

நீங்கள் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரி பில்லை மட்டும் பாலிசி பார்த்துக்கொள்ளும், மெஷின் தவணையை யார் கட்டுவது? தற்காலிக ஊனத்துக்கு வாரா வாரம் பணம் தரும் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்று எடுங்கள். வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குக் கிடைக்கும் மத்திய அரசின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் 8 பேரையும் சேர்த்துவிடுங்கள், விபத்து மரணத்துக்கு 2 லட்சம்.

பாலிசி கைக்கு வந்ததும் கூடவே வரும் விண்ணப்ப நகலைப் பிரியுங்கள். ஓடிபி வாங்கி ஏஜென்ட் நிரப்பியதாக இருக்கும். சுகர் என்ற இடத்தில் "இல்லை" என்று டிக் ஆகியிருந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்கு மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். மறுத்தால் பாலிசி கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். கவர் இருந்த நாட்களுக்கும் மெடிக்கல் டெஸ்டுக்கும் ஸ்டாம்ப் டியூட்டிக்கும் ஆன செலவை மட்டும் பிடித்துக்கொள்வார்கள்.