முணுமுணுப்பவரை எங்கே உட்கார வைப்பது?

வணக்கம் ஐயா,

கோவையில் ஒரு நிறுவனத்தில் நான்கு மாதம் முன்பு டீம் லீடர் ஆனேன். எனக்குக் கீழே ஒன்பது பேர். ‘எமோஷனல் இன்டெலிஜென்ஸ்’ என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சிரித்துப் பேசு, தட்டிக்கொடு என்பதைத் தாண்டி ஒன்றும் பிடிபடவில்லை. டீமில் ஒருவர் எதற்கெடுத்தாலும் முணுமுணுக்கிறார், மற்றவர்களையும் கெடுக்கிறார். அவரிடம் எத்தனை நாள் சிரிப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்க வேண்டாம். நம்மிடம் குறிப்பறிதல் என்று நல்ல சொல் இருக்கிறது. குறளில் அது அமைச்சியலில் வருகிறது, அரசன் மனதை அமைச்சன் படிப்பதற்காக. மேலதிகாரி முகத்தைப் படிப்பதில் இன்றும் நாமெல்லாம் கெட்டிக்காரர்கள்தான். கீழே இருப்பவர் முகத்தைப் படிக்கத்தான் பயிற்சி வகுப்பு தேவைப்படுகிறது.

வகுப்பில் துருவப் பயணி ஷாக்கிள்டன் பெயர் வந்திருக்கும். 1915இல் அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் அண்டார்டிகாவின் வெட்டல் கடலில் பனி நெருக்கி உடைந்தது. 28 பேர் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் அடித்தார்கள். புகைப்படக்காரர் ஹர்லிக்குத் தன்னை மதிக்க வேண்டும், மதிக்காவிட்டால் முறுக்கிக்கொள்வார். அவரைத் தன் கூடாரத்திலேயே சேர்த்துக்கொண்டார் ஷாக்கிள்டன். ஆளுக்கு ஒரு கிலோ சொந்தச் சாமான்தான் என்று கறாராகச் சொன்னவர், ஐந்து கிலோவுக்கு மேல் இருந்த பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை மட்டும் விடாமல் எடுத்துவரச் செய்தார். ராத்திரியில் பாட்டு வேண்டுமே.

பிறகு எல்லோரும் ஒரு தீவில் கரையேறினார்கள். அங்கிருந்து 1916 ஏப்ரலில் உதவி தேடி ஐந்து பேருடன் சின்னப் படகில் கிளம்பினார் ஷாக்கிள்டன். அதில் தச்சர் மெக்னிஷையும் மாலுமி வின்சென்ட்டையும் ஏற்றிக்கொண்டார். இரண்டு பேருமே தகராறு பேர்வழிகள். தீவில் விட்டுப்போனால் மீதி 22 பேரின் மனதையும் கெடுத்துவிடுவார்கள் என்ற கணக்கு. மெக்னிஷ் கைத்திறமை படகுக்கும் தேவைப்பட்டது.

ஆனால் ஷாக்கிள்டனைக் கும்பிடச் சொல்லவில்லை. மெக்னிஷின் பூனையைச் சுடச் சொன்னதும் அவர்தான். பனியில் ஒருநாள், கப்பலே போனபின் உத்தரவு செல்லாது என்று மெக்னிஷ் மல்லுக்கு நின்றார். ஊர் திரும்பிய பிறகும் ஷாக்கிள்டன் அதை மறக்கவில்லை. துருவப் பதக்கத்துக்கான பட்டியலில் மெக்னிஷ் பெயர் இல்லை. படகை அலைக்குத் தாங்கும்படி செய்து கொடுத்ததே அந்த ஆள்தான்! மனதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பெரிய மனது இருக்கும் என்று கட்டாயமில்லை போல.

சரி, உங்கள் விஷயம். அவர் முணுமுணுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதைப் பற்றி முணுமுணுக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே? அதைக் கேட்டு எழுதுங்கள்.