மேகம் படிக்க விரும்பும் மகளின் தந்தைக்கு

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் உங்கள் மகள் செயற்கை மழை ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விமானத்தில் ஏறி உப்புத் தூவுவதை நம்பி எப்படிப் படிக்கவைப்பது என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் தூவுவது இந்தத் துறையில் ஒரு சின்னப் பகுதிதான். தூவியதால்தான் பெய்தது என்று நிரூபிப்பதே பெரிய வேலை.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். அது மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தைத் தடுப்பதால் மழை குறைந்த மழைமறைவுப் பகுதி. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2018, 2019 பருவமழைக் காலங்களில் அங்கே ஆய்வு நடத்தியது. ஒரு மழைத்துளிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர வேண்டும். கால்சியம் குளோரைடு துகள்கள் ஈரத்தை இழுத்துப் பெரிய துளிகளை உண்டாக்கி, அந்தச் சேர்க்கையை விரைவுபடுத்தும். ஆனால் தூவாமல் விட்டிருந்தாலும் அந்த மேகம் பெய்திருக்கலாமே! அதனால் எந்த மேகத்தில் தூவுவது, எதை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். பிறகு ரேடாரையும் தரையிலிருந்த மழைமானிகளையும் கொண்டு இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். சராசரியாக 18 சதவீதம் கூடுதல் மழை என்ற முடிவு 2023இல் வெளியானது. எல்லா மேகமும் இதற்கு இசையவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. இந்த நேர்மைதான் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆகவே உங்கள் மகள் இயற்பியலோடு புள்ளியியலையும் பைதான் நிரலாக்கத்தையும் இப்போதே கற்கட்டும். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வானிலையியல் இருக்கிறது, விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் நல்ல இடம். பிறகு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் புவி, வளிமண்டல அறிவியல் தாள் எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.

மேக ஆராய்ச்சிக்கென்று உள்ள பணியிடங்கள் குறைவு. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். பி.எஸ்சி. முடித்ததும் அவர் சம்பாதித்தால்தான் வீடு ஓடும் என்றால், அதை அவரிடம் இப்போதே மனம்விட்டுப் பேசுங்கள். இதே படிப்புக்கு வானிலை முன்கணிப்பிலும், காற்றாலை மின்னுற்பத்திக் கணிப்பிலும், பயிர்க் காப்பீட்டிலும் வேலை உண்டு. செயற்கை மழை வேலைக்கு உத்தரவாதம் என்று பணம் கேட்கும் சான்றிதழ் வகுப்புகளில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

1901 முதலான தினசரி மழைத் தரவை இந்திய வானிலைத் துறை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. உங்கள் மாவட்டத்துக்கு உரியதை இறக்கி, வரைபடமாக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் சலிக்காமல் அதோடு உட்கார்ந்தாரென்றால், கொச்சியின் நுழைவுத் தேர்வுக்குத் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.