பூனையை முதன்முறையாகக் காப்பகத்தில் விடும் முன்: கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாதம் பத்து நாள் வெளியூர் போகிறோம். எங்கள் பூனை ஓர் இரவுகூட வேறிடத்தில் தங்கியதில்லை. இப்போதே எதைத் தொடங்க வேண்டும்?

பதில்: பயணக் கூடையிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் அது மருத்துவரிடம் போகும் நாளில்தான் வெளியே வருகிறது. அதைக் கண்டதும் பூனை கட்டிலுக்கடியில் பாய்வதில் வியப்பே இல்லை. இன்றே எடுத்து, கதவைக் கழற்றி, பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் வையுங்கள். சாப்பாட்டுக் கிண்ணத்தை முதலில் கூடைக்குப் பக்கத்தில் வையுங்கள், சில நாள் கழித்து வாயிலுக்கு நகர்த்துங்கள், அப்புறம் உள்ளே. தானாக உள்ளே போய்ப் படுத்துத் தூங்கும் நாள் வந்தபின் கதவை மாட்டி, ஒரு நிமிடம் மூடித் திறங்கள். பிடித்துத் திணித்தால் அதுவரை செய்த அத்தனையும் வீண்.

கூடை பழகியதும், நீங்கள் ஊரில் இருக்கும்போதே காப்பகத்தில் ஓரிரவு தங்கவிட்டுப் பாருங்கள். சாப்பிடுகிறதா, மணல்தட்டைப் பயன்படுத்துகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வீட்டை விட்டே வெளியே போகாத பூனைக்குத் தடுப்பூசிச் சான்று எதற்கு?

பதில்: சான்று கேட்காத காப்பகத்தில் பூனையை விடவே விடாதீர்கள். பூனைகளின் உயிரையே பறிக்கக்கூடிய பான்லுகோபீனியா நோயின் வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டும் வரும். பூனைச் சளியை உண்டாக்கும் ஹெர்பிஸ், கலிசி வைரஸ்கள் தும்மலில் பரவுகின்றன. முதல்முறை போடுவதானால் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் வேண்டும். கடைசி ஊசிக்கும் காப்பகத்தில் விடும் நாளுக்கும் நடுவில் இரண்டு வாரமாவது இருக்கட்டும். முன்பு எப்போதாவது பூனைச் சளி வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஹெர்பிஸ் உடலிலேயே தங்கியிருந்து, பூனை மிரண்டிருக்கும் நேரத்தில் மீண்டும் தலைதூக்கும்.

கேள்வி: அதன் படுக்கையை நன்றாகத் துவைத்து அனுப்பட்டுமா?

பதில்: தயவுசெய்து துவைக்காதீர்கள்! உங்கள் பூனை கதவு விளிம்பிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். கன்னத்துச் சுரப்பிகளின் வாசனையைப் பூசி, 'இது என் இடம்' என்று அது குறித்துவைக்கிறது. வாசனைதான் பூனைக்கு வீடு. காப்பகத்தில் அந்த வாசனை கொஞ்சமும் இருக்காது. நீங்கள் அனுப்பினால்தான் உண்டு. ரோமம் ஒட்டிய அந்தப் போர்வையையே அனுப்புங்கள். நீங்கள் இரண்டு நாள் உடுத்திய சட்டை ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வீட்டில் பயன்படுத்தும் அதே மணலையும் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது.

கேள்வி: காப்பகத்தை நேரில் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பூனைக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளே விரைவில் பதற்றம் தணிந்தன. ஓர் அட்டைப்பெட்டி போதும், ஆனால் அது இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து, ஏறி உட்கார உயரமான தட்டு வேண்டும். ஒரு பூனை தும்மினால் அடுத்ததன்மேல் படாதபடி அறைகளுக்கிடையே முழுத் தடுப்பு வேண்டும். நாய் குரைப்பது காதில் விழுந்தால் வேறிடம் தேடுங்கள். 'சாப்பிடாவிட்டால் எப்போது எனக்குச் சொல்வீர்கள்?' என்றும் கேளுங்கள். தெளிவான பதில் சொல்பவர்களை நம்பலாம்.

கேள்வி: பசித்தால் தானாகச் சாப்பிடும் என்கிறார்களே?

பதில்: பூனை விஷயத்தில் அது ஆபத்தான பேச்சு. சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பருமனான பூனைகளுக்கு அபாயம் இன்னும் அதிகம். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். இந்தச் சமயத்தில் உணவை மாற்ற வேண்டாம். வழக்கமானதையே கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். ஆண் பூனையானால் இன்னொன்று: மணல்தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. இதை எழுதியே கொடுங்கள்.

கேள்வி: பயணத்தில் மிகவும் கத்தும். ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். மனிதர்களுக்கான பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். மருத்துவர் மருந்து எழுதித் தந்தால், வீட்டிலேயே ஒருநாள் கொடுத்து எப்படி ஏற்கிறது என்று பாருங்கள். கூடையின்மேல் துணி போர்த்தினாலே பல பூனைகள் அடங்கிவிடும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு பூனைகள். இரண்டையும் ஒரே அறையில் விடலாமா?

பதில்: வீட்டில் ஒட்டிப் படுத்து, ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் ஜோடியானால் விடலாம். கிண்ணமும் மணல்தட்டும் தனித்தனியாக இருக்கட்டும். வீட்டில் விலகியே இருப்பவை என்றால் தனித்தனி அறைதான்.

கேள்வி: மூத்த பூனையை மட்டும் விட்டிருந்தோம். திரும்பி வந்ததும் இளையது அதைப் பார்த்துச் சீறுகிறது. ஏன்?

பதில்: மூத்ததன்மேல் இப்போது அந்நிய வாசனை இருக்கிறது, இளையதற்கு அது வேற்றுப் பூனை. திட்டாதீர்கள், கட்டாயப்படுத்திச் சேர்த்தும் வைக்காதீர்கள். வந்ததைத் தனி அறையில் விட்டு, ஒன்றன் படுக்கைத் துணியை மற்றதன் பக்கத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். சீறல் நின்றபின் கதவை விரலளவு திறந்து, இருபுறமும் சாப்பாடு வையுங்கள். இரண்டும் நிதானமாகச் சாப்பிட்டால் மறுநாள் இன்னும் கொஞ்சம் திறக்கலாம்.