நோய்த்தொற்றுப் பிரிவில் பார்மசி ரெசிடென்சி: இந்திய ஃபார்ம்.டி. முடித்தவர் அமெரிக்காவில் செய்ய முடியுமா? அங்கே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்?

முடியும். ஆனால் ரெசிடென்சிக்கு, அதாவது பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே பெறும் பயிற்சிக்கு, முன்னால் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழைப் பற்றி யோசியுங்கள். வெளிநாட்டில் பார்மசி படித்தவர்களுக்கு என்.ஏ.பி.பி. என்ற அமெரிக்க பார்மசி வாரியங்களின் சங்கம் கொடுக்கும் சான்றிதழ் அது. 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்து வருடப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்பது விதி. நான்கு வருட பி.ஃபார்ம் மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். ஆறு வருட ஃபார்ம்.டி. அந்த விதிக்குள் வரும். சான்றிதழ்களைச் சரிபார்த்த பிறகு அந்தச் சான்றிதழுக்கான எஃப்.பி.ஜி.இ.இ. என்ற பார்மசி தேர்வு, டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு இரண்டையும் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இன்டர்ன் மணிநேரம் (மேற்பார்வையில் செய்யும் பயிற்சி வேலை), நாப்லெக்ஸ் என்ற லைசென்ஸ் தேர்வு, மாநில லைசென்ஸ். லைசென்ஸ் கிடைக்கத் தாமதமானால் ரெசிடென்சியே கேள்விக்குறியாகிவிடும். அதனால் எந்த மாநிலம் எத்தனை இன்டர்ன் மணிநேரம் கேட்கிறது என்று முதலிலேயே பாருங்கள். விசாவையும் அப்போதே விசாரியுங்கள். பல மருத்துவமனைகள் ரெசிடென்ட்டுகளுக்கு விசா ஏற்பாடு செய்வதில்லை.

பயிற்சி இரண்டு கட்டம். முதல் வருடம் பி.ஜி.ஒய்.1, பொதுவான மருத்துவமனைப் பயிற்சி. நோய்த்தொற்று சிறப்புப் பயிற்சி இரண்டாவது வருடமான பி.ஜி.ஒய்.2-வில்தான். முதல் வருடத்தைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. விண்ணப்பம் ஃபோர்காஸ் என்ற இணையதளத்தில். டிசம்பரில் ஏ.எஸ்.ஹெச்.பி. என்ற பார்மசிஸ்ட் சங்கத்தின் மிட்இயர் மாநாடு, ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல், மார்ச்சில் மேட்ச் (இரு தரப்பின் விருப்ப வரிசைப்படி விண்ணப்பதாரரையும் மருத்துவமனையையும் இணைக்கும் முறை) முடிவு, ஜூலை வாக்கில் வேலை தொடக்கம். பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஒரு மருத்துவமனை தன்னிடமே இருக்கும் பி.ஜி.ஒய்.1 ரெசிடென்ட்டுக்கு, மேட்சுக்கு முன்பே பி.ஜி.ஒய்.2 இடத்தைக் கொடுத்துவிடலாம். பட்டியலில் தெரியும் இடமெல்லாம் காலி இடம் இல்லை. ஆகவே நோய்த்தொற்றுதான் உங்கள் நோக்கம் என்றால், அந்தச் சிறப்புப் பயிற்சியும் இருக்கிற இடத்திலேயே முதல் வருடத்தைத் தேடுவது நல்லது.

அந்த வருடம் முழுவதும் சுழற்சிதான்: நோய்த்தொற்று மருத்துவர் குழுவோடு வார்டு, ஆன்டிபயாட்டிக் மேற்பார்வை (அந்த மருந்துகள் தேவைக்கேற்பச் சரியாகப் பயன்படுகின்றனவா என்று கவனிப்பது), கிருமிகளைக் கண்டறியும் மைக்ரோபயாலஜி லேப், எச்.ஐ.வி. கிளினிக், உறுப்பு மாற்று நோயாளிகள். இடையே வார இறுதியில் மருந்தகப் பணியும் உண்டு. ஆன்டிபயாட்டிக் மேற்பார்வை 2020-லிருந்து அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிகேர் (அரசின் மருத்துவக் காப்பீடு) நிபந்தனையே ஆகிவிட்டதால், இந்த வேலைக்கு ஆள் தேவை.

கற்றுக்கொடுக்கும் விதத்துக்கு ஓர் உதாரணம் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். முன்பு அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் இருக்கும் அளவை, அதாவது ட்ரஃப்பை, கடுமையான தொற்றுகளில் லிட்டருக்கு 15-20 மி.கி.-க்குள் வைப்பார்கள். 2020 வழிகாட்டுதல் அதைக் கைவிட்டு, கடுமையான எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி) தொற்றுக்கு 24 மணி நேர ஏ.யூ.சி., அதாவது நேரத்தோடு ரத்த அளவு மாறும் கோட்டின் அடியில் உள்ள பரப்பு, 400-600 இருக்கட்டும் என்றது. ஒருவருக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 1250 மி.கி., ஒன்றரை மணி நேரம் ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். ஏற்றி முடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த அளவு 28, அடுத்த டோஸுக்கு அரை மணி முன்பு 12. இடைவெளி 8.5 மணி. 28-ஐ 12-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்து 8.5-ஆல் வகுத்தால் வெளியேற்ற விகிதம் மணிக்குச் சுமார் 0.1. அதை வைத்துப் பின்னோக்கிப் போனால் உச்சம் 32.5, முன்னோக்கிப் போனால் அடிமட்டம் 11.4. ஒரு டோஸின் பரப்பு சுமார் 245, நாளுக்கு 490. டோஸ் சரியாகவே இருக்கிறது! பழைய கணக்குப்படி 11.4-ஐப் பார்த்து டோஸைக் கூட்டியிருப்பார்கள். அடி வாங்கியிருப்பது சிறுநீரகம்.

இந்தக் கணக்கை மென்பொருளே போட்டுவிடும். ரெசிடென்ட் கற்க வேண்டியது, எண்ணை எப்போது நம்பக்கூடாது என்பது. மருந்து ஏறிய அதே லைனிலிருந்து ரத்தம் எடுத்தால் அளவு பொய்யாக ஏறும். ஆர்டர் போட்ட நேரத்தை ரத்தம் எடுத்த நேரமாக எடுத்துக்கொண்டால் எல்லாமே தப்பு. கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) நாளுக்கு நாள் மாறுகிறவரிடம் நேற்றைய விகிதம் இன்றைக்கு உதவாது. முதலில் நர்ஸிடம் போய், எப்போது எடுத்தீர்கள், எந்தக் கையிலிருந்து என்று கேட்க வேண்டும்.

இன்னொரு உதாரணம், ரத்தத்தில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வந்த நோயாளி. மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் வகை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் வான்கோமைசினிலேயே கிடப்பார், "பெனிசிலின் அலர்ஜி" என்று சார்ட்டில் ஒரு வரி இருப்பதால். எப்போது வந்தது, என்ன வந்தது, அதற்குப் பிறகு அமாக்சிசிலின் சாப்பிட்டாரா என்று கேட்டால், சிறுவயதில் வந்த சாதாரணத் தடிப்பாக இருக்கும். செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் மூலக்கூறில் இருக்கும் பக்கச்சங்கிலி பெனிசிலின்களுடையதைப் போல இல்லாதது, அதனால் அந்த அலர்ஜி இதற்கும் வருவது அரிது. இப்படிப்பட்டவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், அதுவே வான்கோமைசினைவிட நல்ல மருந்து. ஆனால் டாக்டரிடம் "மாற்றலாமே" என்று மட்டும் சொன்னால் நடக்காது. செஃபசோலின் 2 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை), இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், கிருமி வளராத முதல் கல்ச்சரிலிருந்து நாள் எண்ணி, சிக்கலில்லை என்றால்கூடக் குறைந்தது 14 நாள் என்று முழுசாகச் சொல்ல வேண்டும். டாக்டர் மறுத்தால் காரணம் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். பாதி நேரம் அந்தக் காரணத்தில் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கும்.

ஆய்வுத் திட்டம் ஒன்றும் கட்டாயம். பலருக்கும் சறுக்குவது இங்கேதான். ஜூலையில் தலைப்பு, செப்டம்பருக்குள் நெறிமுறைக் குழு அனுமதி என்று ஓடாவிட்டால் டேட்டா சேகரிப்பு வசந்தகாலத்துக்குத் தள்ளிப்போய்விடும், பிறகு எழுத நேரமிருக்காது. ஆயிரம் சார்ட் பார்க்கும் கேள்வியைவிட நூற்றைம்பதில் பதில் கிடைக்கும் கேள்வியை எடுங்கள்.

பயிற்சியை முடித்தவர் பி.சி.ஐ.டி.பி. என்ற நோய்த்தொற்றுப் பார்மசிஸ்ட் தேர்வு எழுதலாம். 2019-ல் தொடங்கிய சிறப்புச் சான்றிதழ் அது.

இடம் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவமனையின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: நோய்த்தொற்றுப் பார்மசிஸ்ட் எத்தனை பேர், ஒருவர் விலகினால் யார் சொல்லிக்கொடுப்பார், மைக்ரோபயாலஜி லேப் அதே கட்டடத்தில் இருக்கிறதா, போன வருட ரெசிடென்ட் இப்போது எங்கே வேலை செய்கிறார். கடைசிக் கேள்வியை இப்போதைய ரெசிடென்ட்டிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.