கடன் வாங்கி அகாடமியில் சேர்க்கலாமா?

கேள்வி: பெங்களூரு ஆஸ்டின் டவுனில் இருக்கிறோம். நான் மூன்று வீடுகளில் வேலை செய்கிறேன். 12 வயது மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். தெருப் பையன்களோடு கால்பந்து ரொம்ப நன்றாக ஆடுவாள். நான் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை போகிற அகாடமியில் விசாரித்தேன். மாதம் 4,000 ரூபாய், ஷூவும் ஜெர்சியும் தனி என்றார்கள். கடன் வாங்கிச் சேர்க்கலாமா? ‘நமக்கெல்லாம் எதுக்கு இந்த ஆசை’ என்கிறார் அவள் அப்பா.
- ஒரு வாசகி

பதில்: கடன் வேண்டாம், சகோதரி. ஆனால் அவள் ஆடட்டும்.

‘நமக்கெல்லாம் எதுக்கு’ என்ற பேச்சை என்னால் சும்மா விட முடியவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா 2-1 என்று தோற்றது. நம் பக்கம் அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர்க்காரர், சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியவர்கள். அல்சூர் பக்கம் கௌதமபுரத்துக்குப் போய்ப் பாருங்கள், நம் தமிழ் ஜனங்கள் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் கால்பந்தை வளர்த்தது இப்படிப்பட்ட தெருக்கள்தான். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃப் எல்லாம் பின்னால் வந்தவை. அவை வந்ததும் நல்ல தரையும் நல்ல கோச்சும் பணம் கட்டுகிறவர் பிள்ளைக்கே என்றாகிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்துத்தான் சோர்ந்துபோயிருக்கிறார். அவரைக் கோபிக்காதீர்கள். அநியாயம் அவர் பேச்சில் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பள்ளிக்கூடம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டு மைதானமும், வகுப்புகளுக்குத் தேவையான விளையாட்டுப் பொருட்களும் இருக்கின்றன. பந்து இல்லை, இடம் இல்லை என்றால் எஸ்.டி.எம்.சி. கூட்டத்தில் கேளுங்கள். அது பெற்றோர் உட்காருகிற குழு, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் இன்னும் இரண்டு அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். பி.டி. மாஸ்டரிடம் 14 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குத் தேர்வு எப்போது என்று கேளுங்கள். தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் போகும், அகாடமி ரசீது எதுவும் தேவையில்லை. மாநில விளையாட்டுத் துறையின் விடுதிகளுக்கும் தேர்வு நடக்கும், அதையும் அவரிடமே விசாரியுங்கள்.

அப்புறம் உங்கள் ஏரியா கிளப். காலையில் மைதானத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழைய ஆட்டக்காரர்கள் ஆஸ்டின் டவுனில் இல்லாமல் இருக்க மாட்டார்கள். பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்களா, உடை மாற்ற இடமும் கழிப்பறையும் இருக்கிறதா, கூட ஒரு பெண்மணி இருப்பாரா, எல்லாவற்றையும் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். இந்த வயதில் பல பெண்கள் ஆட்டத்தை விடுவது இந்தச் சின்ன விஷயங்களால்தான். வேறு மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தால், பெண்களுக்கான சக்தி திட்டத்தில் பி.எம்.டி.சி. சாதாரண பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அந்தச் செலவு மிச்சம்.

பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் இன்றே எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். நன்றாக ஆடும் பிள்ளைகூட வயதை நிரூபிக்க முடியாமல் வெளியே நிற்க நேரும்.

கால்பந்து ஷூ, அதாவது ஸ்டட்ஸ், பழசாக இருந்தால் போதும். அந்த அகாடமிப் பிள்ளைக்குக் கால் வளர்ந்திருக்கும். அளவு சரியாக வந்தால், அந்த வீட்டம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.