மரங்களுக்கு நடுவே சைக்கிள்: எண் பலகையை நம்பிக் கிளம்பலாமா?

கேள்வி: நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவனில் வசிக்கிறோம். பெல்ஜியத்தின் ஹெக்டெல்-எக்செல் காட்டில் மர உச்சிகளுக்கு நடுவே போகும் சைக்கிள் பாதைக்கு மனைவி, 9 வயது மகளுடன் போக ஆசை. சைக்கிள் பாதைச் சந்திகளில் நட்டிருக்கும் எண் பலகைகளைப் பார்த்தே போய்விடலாம் என்கிறார்கள். ஒருவர் வரைபடம், ஜிபிஎஸ் தடம், பேட்டரி சைக்கிள் எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' தருகிறார். வாங்கலாமா? வழி தவறினால் என்ன செய்வது?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். அந்தப் பலகைகள் பொதுப் பணத்தில் நட்டவை, யாருக்கும் கட்டணம் கிடையாது. ஜிபிஎஸ் தடமும் திட்டமிடும் தளங்களில் இலவசமாகவே இறங்கும். இலவசச் சரக்கை உறையில் போட்டு விற்கிறவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். சைக்கிளுக்கு மட்டும் வாடகை கொடுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் தூரம். உங்கள் வீட்டிலிருந்து அந்தக் காட்டுக்கு ஒரு வழியே சுமார் 40 கிலோமீட்டர். குழந்தையோடு, நின்று தின்று போனால் மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர்தான் நகரும். போய்த் திரும்பவே ஏழெட்டு மணி நேரம் ஆகும், குழந்தைக்கு அது அதிகம். ரயிலில் பாதி தூரம் கடக்கலாம் என்றால், நெதர்லாந்தின் வேர்ட்டுக்கும் பெல்ஜியத்தின் ஹாமோன்ட்டுக்கும் இடையே தண்டவாளம் கிடந்தும் பயணிகள் ரயில் ஓடுவதில்லை. சைக்கிளுக்கு எல்லையே இல்லை என்று பெருமை பேசும் இரண்டு நாடுகள்! காரில் சைக்கிளை ஏற்றிப் போய், காட்டருகே நிறுத்தி, 25 கிலோமீட்டர் வட்டம் ஒன்று அடியுங்கள். மரப் பாதையின் நீளம் 700 மீட்டர்தான். 10 மீட்டர் உயரம் வரை வளைந்து ஏறும் அது மெல்லிய சரிவு, மகள் ஏறிவிடுவாள். வீட்டிலிருந்தே சைக்கிளில் கிளம்பியாக வேண்டுமென்றால் ஆகெல்ஸ கிளைஸ் மடாலயம் போதும். எல்லையை ஒட்டியே இருக்கிறது, ஒரு வழி சுமார் 20 கிலோமீட்டர்.

இந்த எண் முறை 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில்தான் பிறந்தது. யோசித்தவர் ஹூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். சுரங்கத்துக்குள் கிளை பிரியும் இடங்களுக்கு எண் கொடுப்பதை மேலே தரைக்குக் கொண்டுவந்தார். முச்சந்தி, நாற்சந்திகளுக்கு எண் உண்டு. நீங்கள் கடக்கும் எண்களை வரிசையாக ஒரு தாளில் பெரிதாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள். பலகை அடுத்த எண்ணையும் அம்புக்குறியையும் மட்டுமே காட்டும், ஊர்ப் பெயர் இராது. சந்திப்பில் பலகையே இல்லையென்றால் நேராகப் போங்கள். அதற்கடுத்த சந்திப்பிலும் காணோமா? கடைசியாகப் பார்த்த பலகைக்குத் திரும்புங்கள். 'வழியில் எங்காவது சேர்ந்துகொள்ளலாம்' என்று மேலே போகிறவர்கள்தான் தொலைகிறார்கள்.

நெதர்லாந்தில் 1 முதல் 99 வரைதான் எண்கள், வட்டாரத்துக்கு வட்டாரம் அதே எண் மறுபடி வரும். '35' என்று மட்டும் தேடினால் வேறு மாகாணத்துக்கு வழி காட்டும். ஊர் பெயரோடு தேடுங்கள். காட்டுக்குள் நடைபயணிகளுக்கும் தனி எண் பலகைகள் உண்டு. சைக்கிள் படம் இருக்கிறதா என்று பார்த்தே திரும்புங்கள். முக்கோணமும் அதன் கீழ் இரண்டு வட்டமும் தெரிந்தால் அது மலை சைக்கிள் தடம், மணலிலும் வேரிலும் சிக்குவீர்கள்.

இனி பேட்டரி சைக்கிள். மிதித்தால் மட்டும் உதவி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உதவி நின்றுவிடும் என்ற வகைக்கு உரிமம் வேண்டாம். 45 வரை போகும் வகை வேறு சாதி: சட்டப்படி அது மொபெட். நம்பர் பிளேட், ஹெல்மெட், ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். மிதிக்காமலே திருகினால் முழு வேகத்தில் ஓடுகிற தடிச் சக்கர வண்டியையும் 'சைக்கிள்தான்' என்று தள்ளிவிடுவார்கள், வாங்காதீர்கள். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு, கடைக்காரருக்கு அல்ல. பின்சக்கரத்தருகே 45 வகையைக் காட்டிக்கொடுக்கும் மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா, கைப்பிடி திருகுகிறதா என்று நீங்களே பாருங்கள். 500 வாட்-மணி பேட்டரி 100 கிலோமீட்டர் ஓடும் என்பது விளம்பரக் கணக்கு. எதிர்க்காற்றில் 40 முதல் 60 என்று வையுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் 'ஐகன் ரிசிகோ' என்று ஒரு வரி இருக்கும். சைக்கிள் களவு போனால் உங்கள் பையிலிருந்து போகிற தொகை அது. கையெழுத்துக்கு முன் அது எவ்வளவு என்று கேளுங்கள். பூட்டின் சாவியை ஒப்படைக்க முடியாவிட்டால் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். சாப்பிட நிறுத்தும்போது சக்கரப் பூட்டோடு சங்கிலியும் போட்டு, சாவியை எடுத்துக்கொள்ளுங்கள்.